ஐஸ் வைத்த சேறு

நைனாவின் காலில் சேறு வைத்துக் கட்டியபோது வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா பழைய புடவையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அக்கா சேற்றைக் கையால் பிசைந்து கல், சிப்பித் துண்டெல்லாம் பொறுக்கிப் போட்டாள். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் வந்திருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவது அவரைத்தான். சேற்றை அள்ளி வந்ததும் அவர்தான். நான் அங்கே இல்லை. சென்னையில், கல்லூரி ஆய்வகத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சேற்றுக்குள் என்னென்ன வாழ்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். கடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்களில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. எங்கள் மேடம் தலைப்பைச் சொன்னதுமே எனக்கு எங்கள் பழவேற்காடு ஏரிதான் ஞாபகத்துக்கு வந்தது. முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர் வடிந்தால் வெளியே தெரிகிற ஒரு சேற்றுத் திட்டு இருக்கிறது. நாளெல்லாம் வெயில் அதன்மேல் நேராக அடிக்கும். அந்த வெயிலிலும் அங்கே பிழைத்துக் கிடக்கிற உயிர் எதுவோ, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையோ செய்து வைத்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தது வீண் போகவில்லை. அந்தச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியா, தட்டில் வளர்த்தபோது, இறால் தலையில் இருக்கிற ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டாக முளைத்தது.

வீட்டில் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கருவாட்டை வைத்துச் சொன்னேன். நல்ல கொழுத்த மீனைக் காயப்போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் அதன் கொழுப்பு மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கிறதே, அது காற்றில் இருக்கிற ஆக்சிஜன் செய்கிற வேலை. நம் உடம்புக்குள்ளேயும் அது நடக்கிறது. அதைத் தடுக்கிற பொருளைத்தான் தேடுகிறேன் என்றேன். கைப்பேசியில் எடுத்த வீடியோ ஒன்றும் காட்டினேன். குழாயில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். அதில் என் பாக்டீரியாவின் ஆரஞ்சு நிறச் சாற்றைச் சொட்டு சொட்டாக விட விட, ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி.

அம்மா படத்தை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தாள். "அப்போ இது மருந்துதான்னு சொல்லு."

"மருந்து இல்லம்மா. இன்னும் எத்தினியோ பாக்கணும். சேத்துலேருந்து கிருமியத் தனியா எடுக்கணும், கிருமிலேருந்து சாறு எடுக்கணும், சாறுலேருந்து…"

"அய்ய, போதும்பா" என்றார் மாமா. "கொழம்பு வைக்கிறதுக்குக் கூட இத்தினி வேல இல்ல."

ஆனால் அவர்கள் மனத்தில் பதிந்தது என் விளக்கமோ படமோ இல்லை. நான் கொண்டுபோன ஐஸ் பெட்டிதான். சேற்றைக் குளிர்ச்சி குறையாமல் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்து வருவேன். பழவேற்காட்டில் ஐஸ் வாங்கி, உடைத்து, சேற்றுப் புட்டிகளைச் சுற்றி அடுக்குவேன். எங்கள் ஊரில் ஐஸ் எதற்கு வைப்பார்கள் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகிற இறாலுக்கு வைப்பார்கள். பெரிய நண்டுக்கு ஈரச் சாக்கு. சில்லறை மீன் கூடையில் அப்படியே போகும். விலையில்லாத எதற்கும் ஐஸ் கிடையாது. குழம்புக்கு எடுத்து வைத்த மீனுக்குக் கூட கிடையாது.

முதல் தடவை பார்த்தபோது மாமா படகுத் துறையிலேயே சிரித்தார். "இன்னா மச்சான், சேத்துக்கு ஐஸா? நாளைக்கு எங்க ஊட்டு சாக்கடைக்கும் வைப்பியா?"

நான் நாலைந்து தடவை அப்படிக் கொண்டுபோன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவிடம் அவர் சொன்னாராம்: "ஒன் தம்பி கஞ்சன். டீக்குக் காசு எடுக்க மாட்டான். அவன் காசு குடுத்து ஐஸ் வாங்கி சேத்துக்குப் போடுறான்னா, அது சும்மா சேறு இல்லடி."

நைனாவின் வலது காலைச் சிப்பி ஓடு கிழித்தது ஒரு சித்திரை மாதச் சாயங்காலம். சிறு காயம்தான், இரண்டு விரல்களுக்கு நடுவே. வேறு நாளாக இருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பார். ஆனால் மறுநாள் காலை அவருடைய பாடு. பாடு என்றால் முறை. ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். யார் என்றைக்கு எங்கே கம்பு ஊன்றி வலை கட்டுவது என்று ஊர் கூடிப் பிரித்து வைத்திருக்கிறது. நம் முறைக்கு நாம் போகவில்லை என்றால் அது போனதுதான். ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலோடு காலையில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டுமே என்று எல்லோரும் யோசித்தபோது, மாமா எழுந்து படகை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

நைனாவுக்குச் சர்க்கரை இருந்தது. அதை யாரும் அப்போது நினைக்கவில்லை.

மறுநாள் மதியம் அக்கா போன் செய்தாள். நான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு எதையோ சொல்லக் கூப்பிட்டவள், பேச்சோடு பேச்சாக, "நைனாக்குக் கால்ல சிப்பி கிழிச்சிடுச்சுடா. பயப்படாத, ஒன் மருந்த வச்சுட்டோம்" என்றாள்.

"என் மருந்தா? எந்த மருந்து?"

"அதான், நீ எடுத்துக்கினு போவியே அந்தச் சேறு. மாமா போய் நீ எடுக்குற அதே எடத்துலேருந்து அள்ளிக்கினு வந்தாரு. எறால் கம்பெனிலேருந்து ஐஸ் கேட்டு வாங்கி, ஐஸுல வச்சுதான் எடுத்தாந்தாரு. நீ செய்யிற மாதிரியே."

அவள் குரலில் பெருமை இருந்தது. தம்பி படித்த படிப்பு வீட்டுக்கு முதல்முறையாக உபயோகப்பட்டது என்கிற பெருமை. நான் எண்ணிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

அந்தச் சேற்றை நான் வளர்த்த தட்டுகளில் ஆரஞ்சுப் பொட்டு மட்டும் முளைக்கவில்லை. அது ஆயிரத்தில் ஒன்று. மற்றவை என்னவென்று பார்ப்பதற்காக மேடம் கிருமி வளர்க்கிற பச்சை நிறக் கூழ் ஒன்றில் கொஞ்சம் பரப்பச் சொன்னார். அதில் மறுநாளே பொட்டுகள் முளைத்தன. சில மஞ்சள், சில பச்சை. பச்சையைப் பார்த்ததும் மேடம் தட்டை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "விப்ரியோ மாதிரி இருக்கு. எந்த விப்ரியோன்னு தெரியல. இதுல ஒண்ணு காயத்து வழியா உள்ள போனா சதையத் தின்னுடும். கையில சின்னக் கீறல் இருந்தாலும் இனிமே சேத்துல கை விடாத" என்றார். அன்றைக்கே அந்தத் தட்டுகளை அழுத்தக் கொதிகலனில் போட்டுக் கொன்றோம். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே நிற்கிறவர்களிடம் அதைச் சொல்லி என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, நைனா எங்க?"

"பாட்டுக்குப் போய்க்கீறாரு. இன்னிக்கு நம்ம மொறடா."

"அந்தக் காலோடயா? சேத்தோடயா?"

"கட்டுக் கட்டித்தானே போய்க்கீறாரு. ஏன்டா இப்படிக் கத்துற?"

"மாமாவ அனுப்பு. இப்பவே. நைனாவக் கூட்டிக்கினு வந்து, நல்ல தண்ணில கழுவி, பொன்னேரிக்குப் போங்க. ஒரு நிமிசம் கூட நிக்காதீங்க."

"நீயே மருந்துன்ன, இப்போ நீயே கழுவுன்ற." அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் சிரிப்பு நின்றது. பிறகு, "தம்பி, ஏதாவது ஆயிடுமா?" என்றாள்.

"மொதல்ல மாமாவ அனுப்பு" என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தேன்.

மாமா படகை எடுத்துக்கொண்டு போனதும் அங்கே நடந்ததும் பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நைனா வலைக் கம்பைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றிருக்கிறார். மாமா கூப்பிட்டும் வரவில்லை.

"வல கட்டியாச்சு. நீர் திரும்பட்டும், எடுத்துக்கினு வரேன். ஒரு கீறலுக்கு ஊரக் கூட்டுறானா ஒன் மச்சான்?"

"அவன் அழுவுறான் போன்ல. நீங்க ஏறுங்க. வலைய நான் பாத்துக்குறேன்."

அப்படிச் சொன்னாரே தவிர, மாமாவால் அந்த வலையில் கை வைக்க முடியாது. அவர் வேறு குப்பம். எங்கள் ஊர்ப் பாட்டில் பெயர் இல்லாதவர் வலையைத் தொட்டால் ஊர்க் கூட்டத்தில் கேள்வி வரும், அபராதம் வரும். நைனாவுக்கும் அது தெரியும். அதனால் அவர் அசையவில்லை. மாமா படகிலேயே உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நைனா பிடித்திருந்த கம்பு ஆடியிருக்கிறது. நீரோட்டத்தில் ஆடுகிறது என்று மாமா முதலில் நினைத்திருக்கிறார். பிறகு பார்த்தால் நடுங்கியது நைனா. உச்சி வெயிலில், கொதிக்கிற தண்ணீரில் நின்றுகொண்டு, பல் கிடுகிடுக்க நடுங்கியிருக்கிறார். பக்கத்து வலைக்காரர், "நீ போ, நான் எடுத்துக் குடுக்குறேன்" என்று சொன்ன பிறகு மாமா நைனாவைத் தூக்கிப் படகில் போட்டிருக்கிறார்.

நான் அப்போது பொன்னேரிக்குப் போகிற ரயிலில் இருந்தேன். மேடத்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஆறுதல் எதுவும் என் காதில் ஏறவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. கைப்பேசியில் அந்தக் கிருமியின் பெயரைத் தேடி, வந்த படங்களில் இரண்டைப் பார்த்துவிட்டு அணைத்தேன். ஆனாலும் மூளை நிற்கவில்லை. நம் உடம்பு கிருமியைக் கொல்வதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வெள்ளணுக்கள் ஆக்சிஜனையே விஷமாக மாற்றிக் கிருமியின்மேல் கொட்டும். நான் தேடிக்கொண்டிருந்த பொருள் அந்த விஷத்தை அணைக்கிற பொருள். ஆரஞ்சுப் பொட்டும் பச்சைப் பொட்டும் ஒரே சேற்றில் சேர்ந்து நைனாவின் காலுக்குள் போயிருந்தால், நான் நல்லது என்று கொண்டாடியதே கெட்டதற்குக் குடை பிடிக்குமா? ஒரு பிடிச் சேற்றில் அதற்கெல்லாம் அளவு போதாது என்று ஆய்வகத்தில் இருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஓடுகிற ரயிலின் வாசலில் நின்றபோது தெரியவில்லை. மீஞ்சூர் வந்தபோது வாந்தி எடுத்தேன்.

பொன்னேரியில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் அவர்களைக் கண்டுபிடித்தேன். நைனா பெஞ்சில் படுத்திருந்தார். கட்டை அவிழ்த்துக் கழுவியிருந்தார்கள். விரல்களுக்கு நடுவே இருந்த காயம் சின்னதாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி மேல்பாதம் முழுவதும் வீங்கிப் பளபளத்தது. அங்கங்கே நீர் கோத்த கொப்புளங்கள். அவற்றின் நிறம் ஊதா. என் சோதனைக் குழாயில் நான் எத்தனையோ முறை பார்த்த அதே ஊதா. குழாயில் அது வெளுக்கும்வரை ஆசையோடு காத்திருப்பேன். இங்கே நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்தது.

டாக்டர் ஊசி போட்டிருந்தார். வெறும் அடிபட்ட காயம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சேற்றைப் பற்றிச் சொல்ல எல்லோருக்கும் வெட்கம். நான் அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். டாக்டரிடம் நோயின் பெயரை நாமே சொல்வது எங்கள் வீட்டில் யாரும் செய்திராத காரியம். உள்ளே போய், "சார், விப்ரியோவா இருக்கும் சார். ஏரிச் சேறு வச்சுக் கட்டியிருக்காங்க. அப்பாக்குச் சர்க்கரை இருக்கு" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க என்ன படிக்கிறீங்க?"

சொன்னேன். மேடத்தின் எண்ணைக் கொடுத்தேன். என் எதிரிலேயே மேடத்திடம் பேசினார். பேசிக்கொண்டே எழுந்து வந்து, நைனாவின் காலில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். வேறு இரண்டு மருந்து எழுதினார். "இங்க வச்சுக்க முடியாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க" என்றார். வண்டி வருவதற்குள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது அம்மாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து வந்தார். நைனாவுக்குக் காய்ச்சலில் பேச்சு குழறியது. அப்போதும் அவர் கேலியை விடவில்லை. "யோவ் மாப்பிள்ளை, ஐஸ் கொஞ்சம் கம்மியா வச்சுட்டியோ" என்றார். மாமா அழுதுவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டார்கள். நைனா நினைவோடுதான் இருந்தார். அச்சடித்த தாளை என் கையில் கொடுத்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற தாள்களை எல்லாம் ஆறாவது படிக்கும்போதிலிருந்து நான்தான் படித்துக் காட்டுகிறேன். ரேஷன் கடைத் தாள், மீனவர் சங்கத் தாள், கரண்டு பில். ஒன்றையும் படிக்கப் பயந்ததில்லை. இதில் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

"இன்னா போட்டுக்கீது?" என்றார் நைனா.

"கெட்டுப்போன சதைய எடுப்பாங்களாம்."

"அப்புறம்?"

"வெரல எடுக்க வேண்டி வந்தா எடுப்பாங்களாம்."

"அதுக்குக் கீழ எழுதிக்கீதே, அத்தப் படி. நீ முழுங்குறது தெரியுது."

"உயிருக்கு ஆபத்துன்னா முட்டிக்குக் கீழ கால எடுக்க… சம்மதம்னு."

அம்மா என் தோளைப் பிடித்தாள். நைனா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு கால வச்சுக்கினு சேத்துல எப்படிடா நிக்கிறது?" என்று கேட்டார். பிறகு கட்டை விரலை நீட்டினார். அதில் மை தடவும்போது அவர் கை சுட்டது.

உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் நால்வரும் நடைபாதையில் தரையில் உட்கார்ந்தோம். அக்கா திடீரென்று, "அந்தச் சேத்த நான்தான் இந்தக் கையால பெசஞ்சேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். நான் உடனே அவள் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன், நகக்கண் நகக்கண்ணாக, விரல் இடுக்கு இடுக்காக. நண்டு வலை எடுத்துக் காய்த்துப்போன கைகள். ஒரு கீறல் இல்லை. அவளைக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். பயம் அதற்குப் பிறகும் போகவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் யார் தரையில் கை ஊன்றினாலும் என் கண் அந்தக் கைக்குத்தான் போயிற்று.

கதவு திறந்து இளம் டாக்டர் ஒருவர் வந்தார். முகக்கவசத்தைக் கழற்றுகிற வரைக்கும் அவர் கண்ணை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. "கால் இருக்கு" என்றார். அவர் மேற்கொண்டு சொன்னதை நான் பிறகு இரண்டாவது முறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. மூன்று விரல்களும் மேல்பாதத்தில் ஒரு உள்ளங்கை அளவு சதையும் போய்விட்டன. இன்னும் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். காயம் மூட, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் இனி அந்தக் காலை வைக்கக்கூடாது.

சோதனையில் வந்தது அந்தப் பச்சைப் பொட்டுதான் என்று பிறகு எழுதிக் கொடுத்தார்கள். காயத்தில் ஏற்கனவே தண்ணீர் வழியாகப் போயிருக்கலாம், சேறு வழியாகவும் போயிருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மேடம். மாமாவிடம் அதைச் சொன்னேன். அவர், "நீ எனக்காகச் சொல்ற" என்றார்.

என் ஆய்வு அந்த வருடமே முடிந்தது. ஆரஞ்சுப் பொட்டின் சாறு, பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட வைட்டமின் சி அளவுக்கு இல்லாவிட்டாலும், அதற்குச் சற்றுக் கீழே வந்தது. நல்ல முடிவு என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு தட்டைத் திறக்கும்போதும் இரண்டு கையுறை போட்டுக்கொண்டேன், இப்போதும் அப்படித்தான். ஊருக்குப் போனால் வீட்டில் எல்லோர் காலையும் பார்க்கிறேன். அம்மாவுக்கு அது எரிச்சல். "வந்ததும் மூஞ்சியப் பாருடா, காலப் பாக்காத" என்கிறாள்.

நைனா இப்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வலை பின்னுகிறார். பாட்டு உரிமையை ஊர் எங்கள் வீட்டுக்கே வைத்திருக்கிறது. ஆனால் போக ஆள் இல்லை. நான் போகக் கூடாது என்று நைனா ஒரே பிடிவாதம். முறை வருகிற நாளில் அதைப் பக்கத்து வலைக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

அரசு ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் காசு வாங்கவில்லை. பொன்னேரியில் கட்டியது, வண்டிக் கூலி, வெளியே வாங்கிய மருந்து, அம்மாவும் அக்காவும் மாற்றி மாற்றித் தங்கிய செலவு, நைனாவின் படகை விற்றதில் ஏற்பட்ட நஷ்டம், எல்லாம் சேர்த்துக் கடைசியில் எங்களுக்கு ஆனது எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய், வலது காலில் மூன்று விரல்.